கடன் வாங்கிய கியர்பெட்டி: இலகுவான நடு எஞ்சின் ஓட்டப்பாதை வண்டிக்கு டிரான்ஸ்ஆக்ஸில் தேர்வும் பொருத்தமும்

1. பொருளும் களமும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமாட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் சாஆ இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இப்படியொரு சிற்றூர்ப் பட்டறையில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் அமர்ந்த, 600 கிலோ எடைக்குள் அடங்கும் ஓட்டப்பாதை வண்டி ஒன்றைக் கட்ட விரும்புபவருக்குக் குழாயும் கிடைக்கும், நல்ல வெல்டரும் கிடைப்பார், எஞ்சினும் கிடைக்கும். பந்தயத்துக்கென்றே செய்த கியர்பெட்டிதான் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதன் விலை மற்ற எல்லாப் பாகங்களின் விலையையும் விழுங்கிவிடும். ஆகவே சாலையில் ஓடிய காரிலிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும்.

கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருக்கும் அமைப்பே டிரான்ஸ்ஆக்ஸில். முன்சக்கர இயக்கம் கொண்ட எந்தக் காரிலும் இது உண்டு. அந்தக் காரை இக்கட்டுரை கொடை வண்டி என்று குறிப்பிடும். சாலைக்கான பதிவும், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தனிப் பொருள். டிரெய்லரில் ஏற்றி ஓட்டப்பாதைக்குக் கொண்டுபோகும் வண்டியை மட்டுமே இங்கே கருதுகிறோம்.

பட்டறைகளில் இந்த வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் “பெட்டி தாங்குமா?” என்பதே. அந்தக் கேள்விக்குரிய இடம் கடைசியில் என்பது என் கருத்து. எஞ்சினையும் பெட்டியையும் பிரிக்காமல் எடுத்து, அவற்றுக்கேற்ப வண்டியை வளைப்பதே நல்ல பொருத்தம். எந்தக் கொடை வண்டி என்பதை அதன் வலிமையை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது பெட்டி எவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

2. முன்னோடிகள்

கடன் வாங்கிய பெட்டிக்கு உலகப் பட்டமே கிடைத்திருக்கிறது. 1959இல் ஜாக் பிராபம் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற கூப்பர் வண்டியின் கியர்பெட்டிக்கு மூலம், 1934இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் என்ற குடும்பக் காரின் பெட்டி. அதை வலுப்படுத்தி, திருப்பி வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் பொருத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் மைக் ஹியூலண்ட் ஃபோக்ஸ்வேகன் பீட்டலின் பெட்டி உறையை எடுத்து உள்ளே தன் பற்சக்கரங்களை வைத்தார். இன்று பந்தயப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஹியூலண்ட் நிறுவனம் வளர்ந்தது அங்கிருந்துதான்.

குறுக்குவாட்டில் அமர்ந்த எஞ்சினையும் பெட்டியையும் அப்படியே பின்னால் தள்ளும் வழியை 1972இல் ஃபியட் எக்ஸ்1/9, ஃபியட் 128இன் பாகங்களைக் கொண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. 1984இல் டொயோட்டா எம்ஆர்2 அதே வழியில் வந்தது. மலேசிய வாசகருக்கு இன்னும் நெருக்கமானது லோட்டஸ் எலிஸ். புரோட்டோன் நிறுவனம் லோட்டஸின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய அதே 1996இல்தான் அதுவும் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 725 கிலோ எடை. ரோவர் காரிலிருந்து வந்த 1.8 லிட்டர் எஞ்சின். அதனோடு பிஜி1 என்ற ரோவர் பெட்டி. பின்னாளில் எஞ்சின் டொயோட்டாவுக்கு மாறியபோது பெட்டியும் டொயோட்டாவின் சி64 ஆனது. பெரிய பொறியியல் நிறுவனமே எஞ்சினையும் பெட்டியையும் சோடியாகத்தான் மாற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஆய்வுக்கு மிக நெருங்கிய முன்னோடி கோயம்புத்தூரில் இருந்தார். எஸ். கரிவரதன் 1988இல் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, ஒற்றை இருக்கை கொண்ட திறந்த சக்கரப் பந்தய வண்டி. அதன் எஞ்சினும் கியர்பெட்டியும் மாருதி 800 காருடையவை: 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதைத் தொடாத குதிரைத்திறன், நான்கு கியர். முன்னால் குறுக்காகக் கிடந்த அந்தத் தொகுதி ஓட்டுநருக்குப் பின்னால் போயிற்று. அன்றைய இந்தியாவில் வெளிநாட்டுப் பந்தயப் பாகத்தை இறக்குமதி செய்வது செலவும் அலைச்சலும் மிகுந்த காரியம். மாருதி 800இன் பாகமோ சிறு நகரக் கடைகளிலும் கிடைத்தது. கிளட்ச் தட்டு எரிந்தாலும் சிங்க்ரோ வளையம் தேய்ந்தாலும் அடுத்த பந்தயத்துக்குள் வண்டி தயாராகிவிடும். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் இந்த வகை வண்டியில்தான் பழகினார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார்; கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள ஓட்டப்பாதை அவர் பெயரைத் தாங்குகிறது.

நாற்பது குதிரைத்திறன் கூட இல்லாத வண்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கூப்பர், ஹியூலண்ட் கதைகளைவிட இதிலிருந்தே சிற்றூர்ப் பட்டறை அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கூப்பருக்குப் பின்னால் தொழிற்சாலை இருந்தது. கரிவரதனின் வண்டிக்குப் பின்னால் ஊர் ஊராக இருந்த உதிரிப்பாகக் கடைகள் இருந்தன.

3. சுழலும் திசை

முன்சக்கரக் காரில் எஞ்சின் குறுக்காக அமரும்போது, டிஃபரன்ஷியல் எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். முழுத் தொகுதியையும் திருப்பாமல் நேராகப் பின்னுக்குத் தள்ளினால், டிஃபரன்ஷியல் பின் அச்சில் அமர, எஞ்சின் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. நடு எஞ்சின் அமைப்பு தானாகவே கைகூடிவிடுகிறது. சக்கரம் சுழலும் திசையும் மாறுவதில்லை. இந்த வகை வண்டிகளில் குறுக்குவாட்டுத் தொகுதி வெற்றி பெற்றதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

நெடுக்குவாட்டு எஞ்சினில் நிலைமை வேறு. ரெனோ 16 காரில் பெட்டி முன்னால், எஞ்சின் பின்னால். 1966இல் லோட்டஸ் யூரோப்பாவுக்காக அதை எடுத்தபோது தொகுதியை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. அப்படியே விட்டால் முன்னோக்கிச் செல்ல ஒரே ஒரு கியரும், பின்னோக்கிச் செல்ல நான்கும் இருந்திருக்கும். டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரத்தை மறுபக்கத்துக்கு மாற்றித் திசையைச் சரிசெய்தார்கள். பீட்டல் பெட்டியைத் திருப்பி வைக்கும் ஃபார்முலா வீ வண்டிகளிலும் இதே வேலைதான்.

குறுக்குவாட்டிலும் ஒரு கண்ணி உண்டு. ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை எஞ்சின்கள் மற்ற பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. பின்னால் வந்த கே வரிசை வழக்கமான திசைக்கு மாறியது. ஆகவே பி16 பெட்டியை வேறு நிறுவன எஞ்சினோடு இணைத்தால் கியர்கள் தலைகீழாகும். இணைப்புத் தகடு செய்து இரண்டு நிறுவனங்களின் பாகங்களை மணமுடிக்க விரும்புபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று மையப் பொருத்தம். கிராங்க் அச்சும் பெட்டியின் உள்தண்டும் 0.1 மில்லிமீட்டர் அளவிலான துல்லியத்தில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தகட்டைச் சாதாரணமாகத் துளையிட்டு போல்ட்டை மட்டும் நம்பினால் அது நிற்காது; இருத்தும் ஊசிகள் வேண்டும். தவறினால் கிளட்ச் அதிரும், உள்தண்டின் பேரிங் ஓசையிடும். பிறந்த சோடியைப் பிரிக்காதவருக்கு இந்தப் பிரிவு முழுவதும் தேவைப்படாது.

4. விகிதக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, மலேசியாவில் பரவலாகக் கைமாறும் டொயோட்டா சி வரிசையின் சி56 பெட்டியை வைத்துக்கொள்வோம். ஐந்து கியர்களின் விகிதம் முறையே 3.166, 1.904, 1.392, 1.031, 0.815. இறுதி விகிதம் 4.312. எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றுவரை போகும் 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ. டயர் 195/50 ஆர்15. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.77 மீட்டர் உருளும்.

இந்த அளவுகளில் 7,500 சுற்றில் முதல் கியர் மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் முடியும். இரண்டாவது 97, மூன்றாவது 133, நான்காவது 179, ஐந்தாவது 227. சாலைக் காருக்கு இது சரி. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் எரிபொருள் மிச்சப்படுத்தும். ஓட்டப்பாதையில் என்ன ஆகும்? 150 குதிரைத்திறன் கொண்ட சிறு வண்டி, 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள செப்பாங் ஓட்டப்பாதையின் இரு நீண்ட நேர்பாதைகளிலும் 190ஐ ஒட்டியே போகும் என்று வைத்தால், அங்கே ஐந்தாவது கியரில் எஞ்சின் 6,300 சுற்றில் சோம்பிக் கிடக்கும். மற்ற இடங்களில் அந்தக் கியருக்கு வேலையே இல்லை. முதல் கியர் புறப்படுவதற்கு மட்டும். ஐந்து கியர் பெட்டி, ஓட்டத்தில் மூன்று கியர் பெட்டியாகச் சுருங்கிவிடுகிறது. 1986இல் திறக்கப்பட்டு 1998இல் மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்த ஜொகூரின் பாசிர் கூடாங் பாதை 3.86 கிலோமீட்டர்தான். அப்படிப்பட்ட குறுகிய பாதைகளில் இந்தக் குறை இன்னும் பெரிதாகும்.

இறுதி விகிதப் பற்சக்கரத்தை மாற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. செலவானது, பெட்டியைப் பிரிக்க வேண்டியது. மலிவான வழி கண்முன்னே கிடக்கிறது: டயர். பெரோடுவா கஞ்சில் காரை அழகுபடுத்துபவர்கள் போடும் 175/50 ஆர்13 டயரின் விட்டம் 505 மில்லிமீட்டர், முன்னதோ 576. இந்த மாற்றம் ஒன்றே இறுதி விகிதத்தை 4.312இலிருந்து 4.92க்கு ஏற்றியதற்குச் சமம். இப்போது 7,500 சுற்றில் இரண்டாவது கியர் 85, மூன்றாவது 116, நான்காவது 157, ஐந்தாவது 199. செப்பாங்கின் நேர்பாதைக்குக் கடைசிக் கியர் பொருந்திவிட்டது. கனமான வண்டியில் இவ்வளவு சிறிய டயரைப் போட முடியாது. அதற்குள் அடங்கும் பிரேக் தட்டும் சிறிதாகத்தான் இருக்கும். 600 கிலோ வண்டிக்கு அது போதும். இலகு எடையின் உண்மையான வரம் இங்கேதான் கிடைக்கிறது.

கியர்களுக்கு இடையிலான இடைவெளியையும் பார்க்க வேண்டும். சி56இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 7,500 சுற்று 5,480க்கு இறங்கும். மூத்த சகோதரமான சி52இல் மூன்றாவது கியர் 1.310, அதில் 5,160க்கு இறங்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மேல் சுற்றுகளில்தான் உயிர்பெறும் எஞ்சினுக்கு அந்த 320 சுற்று வித்தியாசம் ஒவ்வொரு வளைவின் வெளிவாயிலிலும் தெரியும்.

5. தாங்குமா?

பற்சக்கரத்தின் மீது எவ்வளவு சுமை விழுகிறது என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. டயர் வழுக்கும் எல்லையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. டயர் வழுக்கிவிட்டால் அதற்கு மேல் சுமை ஏறாது. ஓட்டுநரோடு 1,125 கிலோ எடையுள்ள முன்சக்கரக் கொடை வண்டியில், சாலை டயரின் பிடிமானக் கெழு 0.9 என்று கொண்டால், முன் டயர்கள் தரையில் செலுத்தக்கூடிய உச்ச விசை ஏறத்தாழ 5,200 நியூட்டன். முடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரங்கள் பிடிமானத்தை இழப்பதும் இதில் அடக்கம்.

அதே பெட்டியை ஓட்டுநரோடு 675 கிலோ உள்ள நடு எஞ்சின் வண்டியில் வைப்போம். எடையில் 58 விழுக்காடு பின்னால்; முடுக்கும்போது இன்னும் கூடும். 1.1 கெழுவுள்ள அரைப்பந்தய டயரில் உச்ச விசை மறுபடியும் 5,200 நியூட்டன் அளவிலேயே நிற்கிறது. எடையில் குறைந்தது, சாய்வில் திரும்பி வந்துவிட்டது. 1.3 கெழுவுள்ள வழவழப்பான பந்தய டயரைப் போட்டால் 6,450 நியூட்டன், அதாவது கால் பங்கு கூடுதல். “வண்டி இலகு, அதனால் பெட்டி தாங்கும்” என்ற பட்டறை வாதம் பாதி உண்மைதான்.

இதுவும் முதல் கியருக்கு மட்டுமே பொருந்தும். 15 அங்குல டயரில், 150 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை இரண்டாவது கியரில் 4,400 நியூட்டனைத்தான் தருகிறது. டயரின் எல்லையை அது தொடுவதே இல்லை. ஆகவே முதல் கியரில் கிளட்சைப் படாரென்று விட்டுப் புறப்படாதவரின் பெட்டியில் பல் உடைவது அரிது. ஓட்டப்பாதையில் பெட்டியைக் கொல்பவை வேறு: அவசரமாகக் கியர் இறக்கும்போது தேயும் சிங்க்ரோ வளையம், விளிம்புக் கல்லில் ஏறி இறங்கும்போது சக்கரம் பிடியை விட்டுத் திடீரென்று பற்றும் அதிர்ச்சி, வெப்பம்.

6. தாங்கிகளும் டிரைவ் ஷாஃப்ட்டுகளும்

கட்டுபவர்கள் அதிகம் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஃபரன்ஷியலும் அதே உறைக்குள் இருப்பதால், எஞ்சின் தாங்கிகள் தாங்க வேண்டியது எஞ்சினின் 150 நியூட்டன் மீட்டரை மட்டும் அல்ல. கியராலும் இறுதி விகிதத்தாலும் பெருக்கப்பட்ட அச்சுத் திருப்புவிசை முழுவதையும் அவை தாங்க வேண்டும். மேலே கண்ட 6,450 நியூட்டன், 0.28 மீட்டர் ஆரத்தில் 1,800 நியூட்டன் மீட்டர் ஆகிறது. முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் அரை மீட்டர் இடைவெளி என்றால் ஒவ்வொன்றிலும் 3,600 நியூட்டன். ஏறக்குறைய 370 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். மெல்லிய குழாயின் நடுவில் ஒட்டிய காதுத் தகடு இதற்குக் கிழியும். தாங்கிகள் குழாய்கள் கூடும் முனைகளில் அமைய வேண்டும். அவற்றின் இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

டிரைவ் ஷாஃப்ட் விஷயத்தில் 13 அங்குல டயர் தன் விலையைக் கேட்கும். சக்கர மையம் 35 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. பெட்டியை இறக்கினால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி தரையைத் தொடும். இறக்காவிட்டால் ஷாஃப்ட் சாய்வாக ஓடும். குறுக்குவாட்டுப் பெட்டியில் டிஃபரன்ஷியல் நடுவில் இருப்பதில்லை. 600 மில்லிமீட்டர் நீள ஷாஃப்ட்டில் சாய்வு 3.4 பாகை, 350 மில்லிமீட்டர் குட்டை ஷாஃப்ட்டில் கிட்டத்தட்ட 6 பாகை. வெளி சிவி ஜாயிண்ட் முன்சக்கரம் திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. 40 பாகைக்கு மேலும் தாங்கும். உள் ஜாயிண்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஓயாத சாய்வில் சூடாகி மசகை இழக்கும். சக்கர மையத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ டிஃபரன்ஷியல் தள்ளி நின்றால் அந்தக் கோணமும் இதோடு கூடும் என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

நீளம் பொருந்தாத ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கடினப்படுத்திய எஃகில் வெல்டிங் வெப்பம் பட்ட வளையம் நொறுங்கும் தன்மை பெறும். அது உடையும்போது சுழலும் தண்டு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சாட்டையாக அடிக்கும். ஒரே வரிசையின் வேறு மாடல்களில் வேறு நீள ஷாஃப்ட்டுகள் உண்டு. அவற்றைக் கலந்து பொருத்திப் பார்ப்பது முதல் வழி. இல்லையென்றால் புதிதாகச் செய்விப்பது. மூன்றாவது வழி கிடையாது.

கொடை வண்டியின் முன் சக்கரத் தாங்கியையே பின்னால் பயன்படுத்தலாம். ஸ்டியரிங் கம்பி சேரும் இடத்தில் நீளம் மாற்றக்கூடிய நிலைக்கம்பி ஒன்றைக் கட்டினால் சக்கரம் திரும்பாது. கோணமும் அதிலேயே சரிசெய்யப்படும். 1984இல் பொன்டியாக் ஃபியரோ இப்படித்தான் பின்பக்கத்தைக் கட்டியது.

7. கியர் மாற்றும் கேபிள்

முன்சக்கரக் காரில் ஓட்டுநர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறார். நம் வண்டியில் பெட்டி ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டது. கேபிளை நேராக முன்பக்கமிருந்து கொண்டுபோய் மாட்டினால் தள்ளல் இழுவையாகும்; முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வந்து நிற்கும். கேபிளைப் பெட்டியைச் சுற்றி வளைத்துப் பழைய திசையிலிருந்தே மாட்டலாம். அல்லது நெம்புகோலின் அடியில் திசை மாற்றும் முட்டு ஒன்றை வைக்கலாம். இரண்டாவதே மேல். வளைத்த கேபிளில் உராய்வு கூடும். எஞ்சினின் புகைக்குழாய்க்கு அருகில் போனால் உறை உருகும். கம்பியால் மாற்றும் ஹோண்டா பி வரிசைப் பெட்டிகளுக்கு இந்த வேலை இன்னும் கடினம்.

8. எண்ணெய்

கொடை வண்டியில் எஞ்சின் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே கோணத்தில் வைக்க வேண்டும். எடை மையத்தை இறக்குவதற்காகக் கூடுதலாகச் சாய்த்தால் பெட்டியின் எண்ணெய் மட்டத் துளை பொய் சொல்லும். பந்தய டயரின் பக்கவாட்டு விசையில் எண்ணெய் வெளிப்பக்க உறைக்குள் ஒதுங்கும். பல பெட்டிகளில் ஐந்தாவது கியர் ஒரு முனையில் தனி உறைக்குள் இருப்பதால், ஒரு பக்க நீள் வளைவில் அது காயும், மறுபக்க வளைவில் மூழ்கும். காற்றுத் துளையில் குழாய் மாட்டி உயரத்தில் ஒரு சேகரிப்புக் குப்பியை வைக்காவிட்டால் அந்த எண்ணெய் புகைக்குழாயின் மேல் சிந்தும்.

ஜொகூரின் 32 பாகை வெயிலும், முன்பக்கக் காற்று படாத பின்கூடும் சேர்ந்தால் வெப்பம் ஏறும். பக்கவாட்டுக் காற்று வாயில் ஒன்று பெட்டியின் மேல் நேராக ஊத வேண்டும். கந்தகக் கூட்டு மிகுந்த ஜிஎல்-5 எண்ணெய் பித்தளைச் சிங்க்ரோவுக்கு ஆகாது. தயாரிப்பாளர் ஜிஎல்-4 என்றால் அதுவே.

9. ஜொகூரில் எந்தக் கொடை வண்டி

கெடாய் போத்தோங் என்று மலாயில் அழைக்கப்படும் கடைகளில், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்கள் அடுக்கிக் கிடக்கும். எஞ்சின், பெட்டி, கேபிள், ஷாஃப்ட், கணினி எல்லாம் ஒரே துண்டில். சோடியைப் பிரிக்கக் கூடாது என்ற நம் விதிக்கு இதைவிட ஏற்ற சந்தை உலகில் அதிகம் இல்லை. 20 வால்வு 4ஏ-ஜிஇயும் அதன் ஆறு கியர் சி160 பெட்டியும் ஆசை காட்டும். ஆனால் அந்த மாடல்கள் ஜப்பானில் தீர்ந்துகொண்டே வருகின்றன; பெட்டியின் உள்பாகத்துக்கு ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டும்.

மாருதி 800 கோவைக்கு என்னவாக இருந்ததோ அதற்கு மலேசியாவில் நேர் இணை, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில்: 660 சிசி, மூன்று சிலிண்டர், டைஹாட்சு மிராவின் வழிவந்தது. அந்த இடம் இப்போது பெரோடுவாவின் மைவிக்கு உரியது. 2005இல் வந்த முதல் தலைமுறை மைவி 1.3இன் கே3-விஇ எஞ்சின் சுமார் 86 குதிரைத்திறன் தரும். 600 கிலோ வண்டியில் அது டன்னுக்கு 143 குதிரைத்திறன். புகழ் கிடைக்காது, ஓட்டம் கிடைக்கும். யோங் பெங்கிலும் சிகாமாட்டிலும் குளுவாங்கிலும் இதன் கிளட்ச், பேரிங், ஷாஃப்ட் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுபவரின் முதல் வண்டி என்றால் என் தேர்வு இதுவே. 4ஏ-ஜிஇ இரண்டாவது வண்டிக்கு.

வாங்கும்போது ஒரு சோதனை சாஆ பக்கத்தில் கட்டாயம். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரி வரை நீண்ட வெள்ளமும், 2023 மார்ச் வெள்ளமும் சிகாமாட் மாவட்டத்தை மூழ்கடித்தன. நீரில் நின்ற கார்கள் உதிரிகளாகச் சந்தைக்கு வருவது இயல்பு. வெளியே கழுவித் துடைத்த பெட்டிக்குள், காற்றுத் துளை வழியாகப் புகுந்த நீர் அப்படியே இருக்கும். வடிகால் திருகைக் கழற்றி எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்க வேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் பேரிங்குகளில் துரு தொடங்கிவிட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிறம் தெளிவாக இருந்தால், திருகின் காந்தத்தில் ஒட்டிய துகளைப் பார்க்க வேண்டும்: மாவுபோல் இருப்பது வழக்கமான தேய்மானம், செதிலாக இருப்பது உடைந்த பல். இரண்டிலும் தேறிய பெட்டி கிடைத்த அன்றே, அதே கடையில் அதே எண் முத்திரையுள்ள இன்னொன்றையும் சோதித்து வாங்கி, சிங்க்ரோக்களை மாற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.